பாலுக்கும் பிள்ளைக்கும் நடுவில்

பிள்ளை முலைப்பால் குடிப்பதை நிறுத்துவதற்குத் தமிழில் தனியாக ஒரு பிரயோகம் இருக்கிறது. ‘மறக்கடிப்பது.’ ‘பால் மறக்கடிச்சாச்சா?’ என்றுதான் கேட்கிறோம். வேப்பிலையை அரைத்தோ, கற்றாழைச் சோற்றை எடுத்தோ மாரில் தடவிக்கொண்டு, பிள்ளை வாய் வைத்ததும் முகம் சுளிக்கும்படி செய்வார்கள். இரண்டு நாள் அழும். மூன்றாம் நாள் மறந்துவிடும். பிள்ளை மறக்கிறது, தாய் மறக்கடிக்கிறாள். இந்த வாக்கியம் இதோடு முடிந்துவிடுகிறது. தாயை மறக்கடிக்க வைத்தது எது என்று கேட்க அதில் இடமில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் வாரம் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. 1992 முதல் உலகமெங்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிச் சுவர்களில் புதுச் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. அவற்றில் ஒரு தாய் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி வீடு இல்லை, மாமியார் இல்லை, அடுப்பு இல்லை, மணி காட்டும் கடிகாரம் இல்லை. வெற்று நீல வெளியில் அவளும் பிள்ளையும் மட்டும். கொடுப்பதும் கொடுக்காமலிருப்பதும் அவளுடைய மனசைப் பொறுத்த காரியம் என்பது அந்தப் படத்தின் தாத்பர்யம். சினிமாவும் மேடையும் நமக்குக் கற்றுத் தந்திருக்கும் ‘தாய்மை’ என்ற பெரிய சொல்லும் இதையேதான் சொல்கிறது. இது பொய் என்பது என் எண்ணம். மனசு இதில் கடைசியாக வருகிற சங்கதி. பாலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதுதான் இதன் சரித்திரம். நான் ஆண், இதைப் பற்றிப் பேச எனக்குள்ள யோக்யதை குறைவு. ஆனால் அந்தத் தூரத்தை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், ஒருவகையில் இது எங்கள் சரித்திரமும்தான்.

*

முதலில் நம் இலக்கியத்தைப் பார்ப்போம். தாய்ப்பாலைப் பற்றித் தமிழ் நிறையப் பேசியிருக்கிறது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. எதைப் பேசியிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் வேறு. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் முதியவள், மகன் புறங்காட்டி ஓடியிருந்தால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போர்க்களத்துக்குப் போகிறாள். இங்கே பால் வீரத்துக்குக் கொடுத்த கடன், பிள்ளை வளர்ந்து அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவன். நிகண்டுகள் ஐவகைத் தாயரை அடுக்குகின்றன. அவர்களில் ஊட்டுவாள் ஒருத்தி. ஊட்டுவதற்கென்றே ஒருத்தியை வைத்துக்கொள்ள முடிந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கணக்கு அது. அந்த ஊட்டுவாளின் சொந்தப் பிள்ளை என்ன குடித்தது என்று எந்த நிகண்டும் சொல்லவில்லை.

பிள்ளைத்தமிழ் இன்னும் விசித்திரம். குழந்தையையே பொருளாகக் கொண்டு பத்துப் பருவங்களை வகுத்த ஒரு சிற்றிலக்கியம் அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று போகிறது. தலையாட்டுவதற்கு ஒரு பருவம் உண்டு, கை கொட்டுவதற்கு உண்டு, நிலவைக் கூப்பிடுவதற்கு உண்டு. பால் குடிப்பதற்குத் தனிப் பருவம் கிடையாது. அந்த வயதுப் பிள்ளை நாள் முழுக்கச் செய்கிற முதல் காரியம் அதுதான். புலவர்களுக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. அது அடுக்களைப் பக்கத்துச் சமாசாரம், அவைக்கு உரியதல்ல என்ற மதிப்பீடுதான் அவர்கள் கையைத் தடுத்திருக்க வேண்டும். பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பெரியாழ்வாரிடம் இந்தக் கூச்சம் இல்லை. கண்ணனை முலையுண்ண வரச்சொல்லி அழைக்க ஒரு பதிகத்தையே அவர் ஒதுக்கியிருக்கிறார். அங்கே அழைக்கப்படுகிறவன் தொட்டில் பிள்ளை அல்ல. ஊரெல்லாம் விஷமம் செய்துவிட்டு வருகிறவன். ஓடியாடும் வயதிலும் பால் குடிப்பது இயல்பு என்று கண்ட ஒரு சமூகத்தின் சாட்சியம் அது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் பத்துப் பருவங்களை வரையறுத்தபோது அந்த இடம் விட்டுப்போயிற்று.

மூன்றாவது உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயது சம்பந்தர் அழுகிறார். உமை பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்கிறாள். பெரியபுராணம் சொல்லும் கதை இது. இதில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று, தெய்வத்தாய் பிள்ளையை மாரோடு அணைத்துக் கொடுக்கவில்லை. கிண்ணம் நடுவில் இருக்கிறது. இரண்டு, குளித்துக் கரையேறிய தகப்பனார் பிள்ளையின் கடைவாயில் பாலைப் பார்த்ததும் கோலை ஓங்கிக்கொண்டு, இதைக் கொடுத்தது யார் என்று அதட்டுகிறார். பிள்ளை பசியாறியதா என்று அவர் கேட்கவில்லை. எவள் பால் என்பதுதான் அவர் கவலை. அதற்குப் பதிலாகத்தான் முதல் பாட்டு பிறக்கிறது. தேவாரம் என்ற பெயருள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு, தேவாரத்தின் முதல் பதிகம் அப்படியொரு அதட்டலுக்குப் பதிலாகப் பிறந்தது என்பதை என்னால் மறக்க முடிவதில்லை. இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

*

தூரங்களில் முதலாவது மைல் கணக்கில் அடங்காது. பிறந்ததற்கும் முதல் வாய்ப் பாலுக்கும் நடுவில் உள்ள சில மணி நேரம் அது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு நாக்கில் வைப்பது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஆகவே குடும்பத்தில் பெரியவர், நல்ல கைராசிக்காரர், சில வீடுகளில் படித்து உத்தியோகம் பார்க்கிறவர், தேடிப் பிடித்து அழைத்து வரப்படுவார். அவர் வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் அது கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டிவிடுகிற வழக்கமும் இருந்தது. பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் மிகுதி என்று வைத்தியம் சொல்கிறது. கொட்டியவர்கள் மூடர்கள் அல்ல. வயிற்றிலிருந்து வந்த பிள்ளையை வம்சத்துக்குள் எடுத்துக்கொள்கிற சடங்கு அது. அந்தச் சடங்கில் தாய்க்கு வேலை இல்லை. பிள்ளையின் முதல் ருசியைத் தீர்மானிக்கிறவர் வேறொருவர். இதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்த இடைவெளிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதியதாகாது. 1986ல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகளைப் பற்றி எழுதியபோது வெளியுலகம் திடுக்கிட்டது. இங்குள்ளவர்கள் திடுக்கிடவில்லை. அரசு 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கு அதை விரிவாக்கியது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிற கிழவிகள் ஒரே விஷயத்தை வெவ்வேறு வார்த்தைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ‘ஒரு வாய் மாரு குடுத்துட்டா அப்புறம் மனசு வராது.’ ஆகவே முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டாக வேண்டும். எடுத்தவள் தாய் அல்ல, பெரும்பாலும் அவளிடம் கேட்டதும் இல்லை. சேனை வைக்கும் விரலும் கள்ளிப்பால் வைக்கும் விரலும் ஒரே இடைவெளிக்குள்தான் நுழைந்தன.

கொல்லாமல் விட்ட வீடுகளிலும் பெண் பிள்ளைக்குப் பால் குறைந்தது. 2011ல் சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தியப் புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார்கள். பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளை விடச் சீக்கிரமாகப் பால் மறக்கடிக்கப்படுகிறார்கள் என்று கண்டார்கள். காரணம் வெறுப்பு என்று சொல்லிவிட்டால் சுலபம். அவர்கள் சொன்ன காரணம் வேறு. பால் கொடுக்கிறவரை அடுத்த கர்ப்பம் தள்ளிப்போகும். ஆண் பிள்ளை வேண்டும் என்கிற வீட்டில் அதற்குப் பொறுமை இல்லை. இந்த உண்மையை எங்கள் கிழவிகள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அதாவது மாரில் கிடக்கிற பெண் பிள்ளையின் பாலை, இன்னும் கருவிலேயே இல்லாத ஒரு தம்பி பறித்துக்கொள்கிறான்.

இன்று பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பதே அபூர்வம். இதனால் எத்தனையோ தாய்களும் பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. 1987ல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டினால் ஒரு முரண் தென்படுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காத தாய்கள் இந்தியா முழுவதிலும் 100க்கு ஏறக்குறைய 64 பேர். இத்தனை ஆஸ்பத்திரிகளும் நர்சுகளும் உள்ள தமிழ்நாட்டில் 55 பேர்தான். அதே ஆய்வின்படி இங்கே 100 பிரசவங்களில் 45 ஆப்பரேஷன். மயக்கம் தெளியாத தாய் ஓர் அறையிலும் பிள்ளை இன்னோர் அறையிலும் கிடக்கிற நேரம் அந்தப் பழைய இடைவெளிதான். சேனைக்காரர் வரும்வரை காத்திருந்த பிள்ளை இப்போது டாக்டர் வரும்வரை காத்திருக்கிறது.

*

இரண்டாவது தூரம் மலை.

1895ல் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஆற்றை ஒட்டிய ஊர்களில் இருபோகம் விளைந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனாள். வரப்பு மரத்தில் தூளி ஆடும். அழுகை கேட்டால் சேற்றுக்காலோடு கரையேறி, கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்துவிட்டு மறுபடி இறங்குவாள். முதலாளி முனகுவார், அவ்வளவுதான். பாலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம். இதை நான் பொற்காலமாக்கவில்லை. அந்த வயல்களில் கூலியும் மரியாதையும் எப்படியிருந்தன என்பது தெரிந்ததுதான். தூரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மலையடி ஊர்களான தேவாரம், கோம்பை போன்றவற்றுக்கு அந்தத் தண்ணீர் அவ்வளவாக எட்டவில்லை. இவர்கள் மேலே பார்த்தார்கள். மேலே திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஏலமலை. ஏலக்காய் எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. செடியின் அடியில் தரையோடு தரையாகக் காய்க்கிற கொத்தில், பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். முன்காலத்தில் குடும்பத்தோடு மலையேறி மாதக்கணக்கில் தங்கினார்கள். பிள்ளை லயத்தில் கிடக்கும். இதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போன தமிழ்ப் பெண்களுக்கும் இதுவே பிரச்னை. அங்கே அதற்கு ஒரு கட்டடமும் பெயரும் உண்டாயின. இலங்கையில் பிள்ளை மடுவம், மலாயாவில் ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போகாத ஒரு கிழவி பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். கங்காணி விட்டால் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். பால் கொடுப்பது ஒரு தொழிற்பிரச்னை என்று தமிழ்ச் சமூகம் முதலில் உணர்ந்தது இந்தக் கொட்டகைகளில்தான் என்று எனக்குப் படுகிறது. இலக்கியம் இதைக் கண்டுகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

சட்டங்களும் மெல்ல வந்தன. சென்னை மாகாணத்தின் மகப்பேறு உதவிச் சட்டம் 1934ல், இலங்கையின் சட்டம் 1939ல். சுதந்திரத்துக்குப் பின் 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளை காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் பெயர் சொன்ன பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா. ஏலம் அதில் இல்லை. 1981ல் திருத்தம் வந்தபோதுதான் ஏலக்காயும் பயிராக எண்ணப்பட்டது. 1961ன் மகப்பேறு உதவிச் சட்டம் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை தாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை கொடுத்தது. 2017ன் திருத்தம் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்புத் தந்தது. 2020ல் இவையெல்லாம் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் சேர்க்கப்பட்டன. காகிதத்தில் இது வளர்ச்சிதான்.

ஆனால் சட்டம் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்த அதே காலத்தில் எங்கள் பெண்கள் தோட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ரோடும் ஜீப்பும் வந்தன. மலையில் தங்க வேண்டியதில்லை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். தோட்டக்காரருக்கு லயம் மிச்சம், காப்பகம் மிச்சம், பதிவேட்டில் பேர் மிச்சம். இருட்டோடு எழுந்து சோறு கட்டி, விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு போகிற பெண்ணுக்கு 26 வாரமும் கிடையாது, இரண்டு இடைவேளையும் கிடையாது. இடைவேளை கொடுத்தாலும் பிள்ளை மலைக்குக் கீழே இருக்கிறது. நடுவில் 1956க்கு முன் ஒரு சமஸ்தான எல்லை, அதற்குப் பின் ஒரு மாநில எல்லை. தேவாரத்துக்காரிக்கு இன்னொரு வினோதமும் உண்டு. மலை கண்முன்னால் நிற்கிறது. சாக்கலூத்து மெட்டு வழியாக ரோடு போடச் சொல்லி ஊர் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறது. ஜீப்போ போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுற்றுவழியை நாங்கள் டீசல் கணக்கில் பேசுகிறோம். பால் கணக்கில் யாரும் பேசியதில்லை.

பால் கணக்கு இப்படி: முலை ஒரு பாத்திரமல்ல. பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரக்கும். எடுக்காமல் கட்டிக்கொண்டால் இனி வேண்டாம் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். மலைக்குப் போகிற தாயின் மார் பகலில் கல்லாகிவிடும். செடிமறைவில் உட்கார்ந்து மண்ணில் பீச்சிவிடுவார்கள். சில வாரங்களில் பீச்சவும் இருக்காது. வலி பொறுக்க முடியாதவர்கள் மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். பூ பாலை வற்றவைக்கும் என்பது பழைய வழக்கம். 1988ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இதற்காகக் கொடுக்கப்படும் மாத்திரைக்கு நிகராக மல்லிகையும் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தியது. மதுரைப் பக்கத்து மல்லிகையைப் பற்றி எத்தனையோ கவிதைகள் எழுதப்பட்டுவிட்டன. இந்த மல்லிகை எந்தக் கவிதையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இதற்கு எதிர்மறையான நிரூபணம் இரண்டு தடவை கிடைத்தது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றி எல்லை அடைபட்டது. தோட்டங்களில் இருந்தவர்கள் பயந்து இறங்கி வந்தார்கள். 2020ல் தொற்றுக்காக மறுபடி அடைபட்டது. இரண்டு முறையும் வீடுகளில் அடுப்பெரியச் சிரமப்பட்டார்கள். என்னுடைய வங்கிக் கவுண்டரில் நகைக்கடன் வரிசை நீண்டது. இரண்டாவது தடவை அந்த வரிசையில் நின்ற ஒரு பெண், முந்தானைக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: ‘ஏதோ இந்தக் கொள்ளையில இவனாச்சும் வயிறாரக் குடிக்கிறான் மதினி.’ தாலிக்கொடி அடகு, பிள்ளைக்குப் பால். சுவரொட்டிப் படத்தில் இந்தக் கணக்கு வருவதில்லை.

*

மூன்றாவது தூரம் டப்பா. மலைக்குப் போகாத, வீட்டிலேயே இருக்கிற, படித்த தாய்களையும் பிள்ளையிடமிருந்து பிரித்தது இது.

1867ல் ஹென்றி நெஸ்லே ஸ்விட்சர்லாந்தில் பால்மாவு செய்து விற்றபோது தாயில்லாப் பிள்ளைகளுக்கும் பால் குடிக்க முடியாத பிள்ளைகளுக்கும் அது உயிர் கொடுத்தது. பிரச்னை, தாயுள்ள பிள்ளைகளுக்கும் அது போனதில்தான். 1939ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, டப்பாப் பாலை விளம்பரப்படுத்துவது கொலைக்குச் சமம் என்று பகிரங்கமாகச் சொன்னார். 1974ல் லண்டனில் இதைப் பற்றி ஒரு துண்டுநூல் வந்தது. 1977ல் அமெரிக்காவில் நெஸ்லேயைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981ல் உலக சுகாதார சபையில் விற்பனைக்கான நெறிமுறை ஓட்டுக்கு வந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டளித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992ல் கடுமையான ஒரு சட்டமே செய்தது. விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே அச்சிட வேண்டும். 2003ல் அது மேலும் இறுக்கப்பட்டது.

படம் போனது, ஆனால் படம் மனசில் ஏற்கெனவே பதிந்துவிட்டிருந்தது. கொழுகொழுவென்ற பிள்ளையை ‘கிளாக்ஸோ பேபி’ என்று கொஞ்சிய தலைமுறை நம்முடைய அம்மாக்களின் தலைமுறை. டப்பாவுக்கு இன்று விளம்பரம் தேவையில்லை. ‘பால் பத்தல’ என்ற இரண்டு வார்த்தை போதும். பிள்ளை இராத்திரி அழுகிறது. மாமியாரோ நாத்தனாரோ பார்க்க வந்தவரோ இதைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. உடனே ஒரு டப்பா வருகிறது. புட்டியில் வயிறு நிரம்பிய பிள்ளை மாரில் குறைவாகச் சப்புகிறது. குறைவாகச் சப்பினால் குறைவாகச் சுரக்கிறது. பத்து நாளில் உண்மையாகவே பால் பத்தாமல் போகிறது. சொன்னவர் சொல் பலித்துவிட்டது. ஒரு வாக்கியம் உடம்பின் வேலையையே மாற்றிவிடுகிற இடம் இது. எழுதுகிறவர்களாகிய நாம் வார்த்தையின் சக்தியைப் பற்றி நிறையப் பேசிக்கொள்கிறோம். இந்த மட்டத்தில் வேலை செய்கிற ஒரு வார்த்தையையும் நாம் எழுதிவிடவில்லை.

இதற்கு அரசு கண்ட பரிகாரங்களை நான் இகழமாட்டேன். 1989ல் பம்பாயின் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பித்த தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் 2014, 2015 வாக்கில் அது வந்தது. 2015ல் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்ட அறைகள் திறந்தார்கள். பூட்டிக் கிடக்கிற அறைகளையும் பார்த்திருக்கிறேன், பெஞ்சில் இரண்டு பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அறைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜீப் புறப்படுகிற தெருமுனையில் அப்படியொரு அறை எதற்கு? அங்கே பிள்ளையைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்களே. அங்கன்வாடியும் இரண்டு வயதான பிள்ளையைத்தான் உட்கார வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் உள்ள பிள்ளை கிழவிகளின் பொறுப்பு. எங்கள் ஊரில் முழுத் தலைமுறைகள் அப்படித்தான் வளர்ந்தன.

*

அப்படி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அம்மா மலைக்குப் போனாள். காய் எடுப்புக் காலம், வீட்டில் கடன். அம்மாச்சி என்னைப் பார்த்துக்கொண்டாள். கேப்பைக் கூழைத் துணியில் வடித்துச் சங்கில் புகட்டிப் பார்த்தாளாம். நான் துப்பினேனாம். இந்தக் கதை இவ்வளவுதான் என்று முப்பது வயதுவரை நினைத்திருந்தேன். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் அம்மாச்சி மீதியைச் சொன்னாள்.

‘ஒனக்கு மத்தியானப் பாலு எங்கன கெடச்சுச்சுன்னு நெனைக்கிற?’

பின்வாசல் வழியாகத் தோட்டத்தைத் தாண்டினால் இன்னொரு தெரு. அந்தத் தெருக்காரர்கள் எங்கள் தெருவில் தண்ணீர் கேட்டால் தம்ளரில் கொடுக்காமல் கையில் ஊற்றிய காலம். அங்கே ஒரு பெண்ணுக்கு என்னைவிட ஒரு மாதம் மூத்த பிள்ளை. பிரசவித்த உடம்பு இன்னும் தேறாததால் அவள் மலைக்குப் போகவில்லை. அம்மாச்சி என்னை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு தினமும் உச்சிப்பொழுதில் அங்கே போயிருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு படி கேப்பை கொடுத்திருக்கிறாள். ஏறக்குறைய நாலு மாதம்.

‘அம்மாவுக்குத் தெரியுமா?’

‘தெரியாம என்ன. அவ கேக்கல, நா சொல்லல. ஒங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தா வெட்டிப் போட்டிருப்பாரு. நீயும் யாருட்டயும் சொல்லாதப்பா.’

யாரிடமும் சொல்லாதே என்பதை மீறி இதை எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. நிகண்டில் வருகிற ஊட்டுவாள் யார் என்று எனக்கு இப்போது தெரியும். அவளுடைய பிள்ளைக்கு மத்தியானப் பால் பாதியானது என்பதும் தெரியும். இரண்டு படி கேப்பை அதற்கு ஈடா என்ற கணக்கை, தினமும் கணக்குப் பார்த்தே பிழைக்கிற என்னால் போட முடியவில்லை. அம்மா முடிவு செய்தாளா, அம்மாச்சி முடிவு செய்தாளா, அந்தப் பெண் முடிவு செய்தாளா? கடன் முடிவு செய்தது, ஜீப் முடிவு செய்தது. அதற்குள் மூன்று பெண்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அதைத் தாய்மை என்று யாராவது சொல்வதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது ஒருத்தியின் நெஞ்சில் ஊறியதல்ல. மூன்று பேர் ரகசியமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ரகசியம் தேவைப்பட்டதற்குக் காரணம் சீர்காழிக் குளக்கரையில் கோலை ஓங்கிய கேள்விதான். அந்தக் கேள்வி இன்னும் எங்கள் தெருக்களில் கோலோடுதான் நிற்கிறது.

அவர் இப்போதும் இருக்கிறார். மாதம் ஒரு தடவை முதியோர் உதவித்தொகை எடுக்க வங்கிக்கு வருகிறார். ரேகை தேய்ந்துபோனதால் இயந்திரத்தில் விரல் பதிவதில்லை. இரண்டு மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. நான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. போன மாதம் அவரைக் கவுண்டருக்கு உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டேன்.

‘இருக்கட்டும் சார், நிக்கிறேன்’ என்றார்.